பெட்டியைப் பார்த்து வாங்கினேன்

என் வீட்டில் சாமி மேடைக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டு இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், ஏறக்குறைய இரண்டு அங்குல உயரம். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று அசல், மற்றது போலி. அந்தப் போலியால் ஒரு குடும்பம் இரவில் நடுக்கடலில் தவித்தது. அதற்குக் காரணமானவன் நான்.

பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, சாமான் மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படும் பெற்றோர் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

சித்தியவானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள். ஐந்து பேர் நாங்கள் லயத்து வீட்டில் வளர்ந்தோம். படிப்பு எனக்கு மூன்றாம் படிவத்தோடு நின்றது. தோட்டத்து ஸ்டோரில் இஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பது எனக்குப் பழக்கம். அதைப் பார்த்த அப்பா, லூமுட்டில் ஆற்றோரம் இருந்த ஒரு படகுப் பட்டறையில் என்னைச் சேர்த்துவிட்டார்.

பட்டறைத் தவுக்கே அதிகம் பேசமாட்டார். ஆனால் தொழிலை ஒளிக்காமல் சொல்லிக் கொடுப்பவர். மீன்பிடிப் படகின் டீசல் இஞ்சினில் தொடங்கி, பணக்காரர்களின் வேகப் படகுகளில் இருக்கும் அமெரிக்கப் பெட்ரோல் இஞ்சின் வரை அவரிடம்தான் கற்றேன்.

1983ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 13ஆம் தேதி வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஈப்போ வியாபாரி ஒருவரின் வேகப் படகு எங்கள் பட்டறைக்கு வந்தது. அதில் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 7.4 லிட்டர் இஞ்சின். எட்டு சிலிண்டர், பதினாறு வால்வு. வால்வுப் பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். பிரித்துப் பார்த்தபோது கேம் ஷாப்டும் சில லிப்டர்களும் தேய்ந்திருந்தன.

லிப்டர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். இஞ்சினுக்குள் கேம் ஷாப்ட் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு லிப்டர் உட்கார்ந்திருக்கும். மேடு வரும்போது லிப்டர் எழும்பும், அது நீண்ட கம்பி ஒன்றைத் தள்ளும், அந்தக் கம்பி ராக்கரைத் தள்ளும், வால்வு திறக்கும். புகை வெளியே போவதும், புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதும் இதனால்தான். பதினாறு வால்வுக்குப் பதினாறு லிப்டர். ஒன்று படுத்தால் ஒரு சிலிண்டர் படுக்கும்.

காரில் போகிறவன் மேட்டில் ஏறும்போது மட்டும்தான் இஞ்சினை வருத்துகிறான். வேகப் படகுக்கோ கடல் முழுவதும் மேடுதான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். நிமிடத்துக்கு 4,400 சுற்றில் இஞ்சின் ஓடினால், கேம் ஷாப்ட் அதில் பாதி சுற்றும். அதாவது ஒவ்வொரு லிப்டரும் நிமிடத்துக்கு 2,200 தடவை ஏறி இறங்கும். ஒரு மணி நேரத்தில் 1,32,000 தடவை! அதுவும் கனமான ஸ்பிரிங் மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்க.

அப்படியானால் அது தேயாமல் இருப்பது எப்படி? தவுக்கே இதை எனக்கு ஒருநாள் விளக்கினார்.

“உங்க அப்பா கத்தியைத் தீட்டுறப்போ கல்லுல ஒரே இடத்துல தேய்ப்பாரா?” என்று பாசார் மலாயில் கேட்டார்.

“தேய்க்கமாட்டார், தவுக்கே. கல் குழிஞ்சிடும்.”

“இதுவும் அப்படித்தான். லிப்டர் மேலே கீழே போனா மட்டும் போதாது. தன்னைத்தானே சுத்தணும். அப்பத்தான் ஒரே இடம் தேயாது.”

லிப்டரின் அடிமுகம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும். உண்மையில் தட்டை இல்லை. நடுவில் மிக மெல்லிய மேடு உண்டு. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய இரண்டு பங்கு, அவ்வளவுதான். கேம் ஷாப்டின் மேடும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். இரண்டும் சேரும்போது லிப்டர் ஓரமாக உரசுப்பட்டு மெல்லச் சுற்றும். அந்த மேடு இல்லாவிட்டால் லிப்டர் சுற்றாது. சுற்றாவிட்டால் ஒரே இடத்தில் உரசும். பிறகு கல் குழிந்த கதைதான்.

புதுக் கேம் ஷாப்டுக்குப் பழைய லிப்டர் போடக்கூடாது என்பது தொழில் சட்டம். கேம் ஷாப்ட் பட்டறையில் இருந்தது. லிப்டர் வாங்க என்னை ஈப்போவுக்கு அனுப்பினார். கையில் 320 வெள்ளி கொடுத்தார்.

ஒரு கடையில் அசல் விலை 320 என்றார்கள். இன்னொரு கடையில் அதே நிறப் பெட்டி, அதே எழுத்து, அதே நம்பர். விலை 140 தான். “பழைய ஸ்டாக், அதனாலே மலிவு” என்றார் கடைக்காரர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் மங்கலாக இருந்தது போலத் தோன்றியது. பழைய ஸ்டாக்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டேன்.

பட்டறைக்குத் திரும்பி மீதி 180 வெள்ளியைத் தவுக்கேயிடம் கொடுத்தேன். அவருக்கு ஆச்சரியம். நேர்மையான பையன் என்று என் தோளைத் தட்டி, இருபது வெள்ளியை என் கையில் வைத்தார். அன்று மாலையே அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தேன். அம்மா அதைக் கட்டிக்கொண்டு லயத்து வாசலில் நின்று பக்கத்து வீட்டாருக்கெல்லாம் காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் லிப்டர்களை மாட்ட உட்கார்ந்தேன். தவுக்கே எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் சோதனை, இரண்டு லிப்டர்களை முகத்தோடு முகம் வைத்து ஆட்டிப் பார்ப்பது. இரண்டு கொட்டாங்கச்சிகளை முதுகோடு முதுகு வைத்தால் ஆடும் அல்லவா? அதே மாதிரி, ஆனால் மிக மெல்லிய ஆட்டம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் இழைபோல வெளிச்சம் தெரியும்.

வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. வெளிச்சமும் தெரியவில்லை. வேறு இரண்டை எடுத்தேன். அவையும் அப்படியே.

வாசகர்களே, அந்த நிமிடத்தில் நான் எழுந்துபோய், “தவுக்கே, ஏமாந்துட்டேன்” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த இருபது வெள்ளி என் வாயை அடைத்தது. சேலையைத் திருப்பிக் கேட்கவா முடியும்? புத்தாண்டுக்கு நாலு நாள்தான் இருந்தது. படகுக்காரர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்.

தவுக்கே என் பின்னால் வந்து நின்றார். “ஆட்டிப் பார்த்தியா?” என்றார்.

“பார்த்தேன், தவுக்கே. சரியா இருக்கு.”

நான் சொன்ன பொய் அதுதான்.

பதினாறையும் எண்ணெயில் நனைத்து மாட்டினேன். முதல் ஓட்டத்தில் 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். அதையும் ஒழுங்காகச் செய்தேன். இஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. வால்வு மூடியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓடவிட்டால், லிப்டரோடு சேர்ந்து கம்பிகளும் சுற்றுவது தெரியும். சுற்றாத கம்பி குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும். மூடியைக் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

புத்தாண்டுக்கு மறுநாள் வியாபாரியின் குடும்பம் பூலாவ் செம்பிலான் தீவுகளுக்குக் கிளம்பியது. பங்கோருக்குத் தெற்கே கடலில் இருக்கும் ஒன்பது தீவுகள் அவை. வியாபாரி, அவர் மனைவி, வயதான தாய், இரண்டு சின்னப் பிள்ளைகள். படகு ஓட்டியவர் எங்களுக்கு நன்றாகப் பழகிய மலாய்க்காரப் பெரியவர். அவரை நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம்.

மாலை ஆறு மணிக்குத் திரும்பி வரவேண்டிய படகு ஏழு மணியாகியும் வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. இன்று போல அன்று கையில் போன் இல்லை. தவுக்கே ஜெட்டியில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலில் வலுவில்லை. எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

இரவு பதினோரு மணிக்கு ஒரு மீன்பிடிப் படகு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. முதலில் பாட்டியைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். சின்னப் பிள்ளை மிதவைச் சட்டையோடு தூங்கிப் போயிருந்தது. அதை வாங்கி இறக்கியது நான். அழுது அழுது அதன் முகம் வீங்கியிருந்தது. அந்தச் சூடு இன்னும் என் தோளில் இருக்கிறது.

பாக்சிக் நடந்ததைச் சொன்னார். திரும்பி வரும் வழியில் முதலில் டக் டக் சத்தம். பிறகு கார்புரேட்டர் வழியாக ‘பட் பட்’ என்று வெடித்தது. வேகம் குறைந்தது. கடைசியில் ஒரு பெரிய சத்தத்தோடு இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நீரோட்டம் படகை வெளியே இழுத்துக்கொண்டு போனது. தூரத்தில் பெரிய கப்பல்களின் விளக்கு தெரிந்ததாம். சட்டையைக் கம்பில் கட்டி ஆட்டிக்கொண்டே இருந்தாராம்.

மறுநாள் தவுக்கே இஞ்சினைப் பிரித்தார். எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்தார். மடிப்புக்கு மடிப்பு இரும்புத் தூள் மின்னியது. காந்தத்தை வைத்ததும் மீசை போல ஒட்டிக்கொண்டது. அந்தத் தூள்தான் பேரிங்குகளுக்குள் போய் இஞ்சினைக் கொன்றது. பதினாறு லிப்டர்களையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். ஏழு லிப்டர்களின் முகம் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. குழியாத இரண்டை எடுத்து முகத்தோடு முகம் வைத்தார். ஆட்டினார். ஆடவில்லை.

என்னைத் திட்டவில்லை. அந்த இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, “பார்த்தேன்னு சொன்னியே?” என்று மட்டும் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். இஞ்சினைச் சரிசெய்யும் செலவு முழுவதையும் தவுக்கேதான் ஏற்றுக்கொண்டார். என் சம்பளத்தில் மாதம் ஐம்பது வெள்ளி பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வருடம் கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏண்டா, பால் ஸ்டோர்ல கிராணி வாளியைப் பார்த்தா கணக்கு எழுதுறாரு?”

“இல்லப்பா.”

“வாளி எல்லாருக்கும் ஒரே வாளிதான். உள்ள இருக்கிறது பாலா, தண்ணியான்னு மெட்ரோலாக்கை விட்டுல பார்க்குறாரு? இலையுதிர் காலத்துல பால் குறையறப்ப எனக்கும் ஒருநாள் தண்ணி ஊத்தலாம்னு ஆசை வந்துச்சு. அது சொல்லிடும்னு பயந்து விட்டுட்டேன். உன் கையிலயும் ஒரு மெட்ரோலாக் இருந்துச்சே! அதுவும் சொல்லுச்சே! நீதானே வாயை மூடிக்கிட்ட?”

படிக்காத மனிதர் என் அப்பா. ஆனால் முழு விஷயத்தையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார். பெட்டி என்பது வாளி. அதைப் பார்த்து யாரும் கணக்கு எழுதக்கூடாது.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தேன். ஆயிரக்கணக்கான லிப்டர்கள் என் கை வழியாகப் போயிருக்கும். ஒன்றைக்கூடச் சோதிக்காமல் மாட்டியதில்லை. தொழில் செய்யும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று அந்தச் சோதனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆட்டம். இரண்டின் முகத்தை ஒட்டவைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடாவிட்டால் வேண்டாம். போலிகளில் ஒரு வகை, தேய்ந்த பழைய லிப்டரை அரைத்துப் பளபளப்பாக்கிப் புதுப் பெட்டியில் போடுவது. அப்படி அரைப்பவன் நடுமேட்டைத் திரும்பக் கொண்டுவரச் சிரமப்படமாட்டான். தட்டையாக்கிவிடுவான். எனக்கு வந்ததும் அந்த ரகம்தான்.

இரண்டாவது, அளவு. இந்த வகை ஜெனரல் மோட்டார்ஸ் இஞ்சினின் லிப்டர் குறுக்களவு 0.842 அங்குலம், மில்லிமீட்டரில் சொன்னால் 21.4. மைக்ரோமீட்டர் வைத்துப் பதினாறையும் அளக்க வேண்டும். உயரத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். அரைத்தது குட்டையாக இருக்கும்.

மூன்றாவது, கடினம். நல்ல அரத்தின் முனையை முகத்தின் ஓரத்தில் லேசாக இழுத்தால், அசலில் வழுக்கிக்கொண்டு போகும். மட்டமான இரும்பில் கடிக்கும். இதனால் ஒரு லிப்டர் வீணானாலும் பரவாயில்லை. ஓர் இஞ்சின் தப்பும்.

நான்காவது, எண்ணெய். லிப்டருக்குள் ஒரு சின்ன உந்துதண்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. இஞ்சின் எண்ணெய் உள்ளே நிறைந்து, இடைவெளி இல்லாமல் வால்வைத் தள்ள உதவும். எண்ணெயை நிரப்பி மேலிருந்து கம்பியால் அழுத்திப் பாருங்கள். அசல் எதிர்த்து நிற்கும். மட்டமானது சேற்றில் கால் வைத்தது போலச் சட்டென்று அமுங்கும்.

ஐந்தாவது, கண். எண்ணெய்த் துளையின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா? மேலே பூட்டியிருக்கும் கம்பி வளையம் பதினாறிலும் ஒரே மாதிரியா? உள்ளே பழைய எண்ணெய்க் கறை தெரிகிறதா? ஒரே பெட்டியில் இரண்டு மூன்று விதம் கலந்திருந்தால் அதுவே போதும் சாட்சி.

பெட்டியின் எழுத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கடைசியாகப் பாருங்கள். நான் அதை முதலிலும் முடிவிலும் பார்த்தேன். நடுவில் இருந்ததைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன்.

பிற்காலத்து இஞ்சின்களில் அடியில் உருளை வைத்த லிப்டர் வந்துவிட்டது. அது சுற்றத் தேவையில்லை, உருண்டு போகும். அதனால் பழைய வகையைச் செய்யும் ஆலைகள் குறைந்துவிட்டன. 2020க்குப் பிறகு அமெரிக்காவிலேயே அதற்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கே தட்டுப்பாடு இருக்கிறதோ, அங்கே போலிக்காரன் கடை விரிப்பான். இப்போது அவனைத் தேடி ஈப்போ வரை பஸ்ஸில் போகவேண்டியதில்லை. கைப்பேசியிலேயே படம் காட்டி வீட்டு வாசலுக்கு அனுப்பிவிடுகிறான்.

நம் வீடுகளில் வேகப் படகு இல்லை. ஆனால் வாசலில் ஒரு கப்சாய் நிற்கிறது. அதில்தான் மகன் வேலைக்குப் போகிறான். மருமகள் பின்னால் உட்கார்ந்து போகிறாள். அதன் பிரேக் கட்டையும் சங்கிலியும்கூட அசல் போன்ற பெட்டியில் வரத்தான் செய்கின்றன. பழைய சாமானைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். விலை பாதிக்குப் பாதி என்றால் ஏன் என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள். ரசீது இருந்தால், ஏமாந்தவர்கள் நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மலிவாக வாங்கி ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், உடனே சொல்லிவிடுங்கள். ஏமாறுவது குற்றமில்லை. எத்தனை கெட்டிக்காரனும் ஒருநாள் ஏமாறுவான். தெரிந்தும் அதை மாட்டி இன்னொருவரை உட்கார வைப்பதுதான் குற்றம்.

தவுக்கே இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. அந்தச் சேலையை அம்மா அதற்குப் பிறகு கட்டவே இல்லை; காரணத்தை நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. அப்பா சொல்லியிருப்பார்.

தவுக்கே கொடுத்த அந்த இரண்டில் ஒன்றை அசல் ஒன்றோடு சேர்த்து மைலோ டின்னில் வைத்திருக்கிறேன். பேரன் சில நாள் அதை எடுத்து விளையாடுவான். “தாத்தா, ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு?” என்பான்.

“பார்த்தா ஒண்ணுதான்யா. அரத்தை எடுத்துக்கிட்டு வா, காட்டுறேன்” என்பேன்.

முதலில் அசலின் ஓரத்தில் இழுப்பான், வழுக்கும். பிறகு மற்றதில் இழுப்பான். அரம் கடிக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், மிதவைச் சட்டையோடு தூங்கிய அந்தப் பிள்ளையின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.